வடிவ ஒருமை

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று ‘மயங்க வைத்தல்’ என்பது. பொருள் இதுவோ அதுவோ எனக் கற்பவர் ஐயுறுமாறு அமைத்தலே அக்குற்றம். சொல்லால் மட்டுமன்றி, எழுத்தின் வடிவாலும் பக்கத்தின் அமைப்பாலும் இம்மயக்கம் நேர்வதுண்டு.

பண்டை ஓலைச்சுவடிகளை நோக்குவோம். அவற்றில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. நெடிலைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. மூலமும் உரையும் மேற்கோளும் ஒன்றோடொன்று கலந்து தொடரும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இவற்றைப் பிரித்தறியப் பெரிதும் உழைத்தார். அச்சு நூல்கள் பலவற்றில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமைந்திருக்கக் காண்கிறோம். அம்முறை நூல் முழுதும் மாறாதிருப்பதால், மாணவன் பக்கத்தைக் கண்ட அளவிலேயே மூலம் இது, உரை இது எனத் தெளிகின்றான்.

இக்காலத்துக் கணினி மென்பொருள்களுக்கும் அவற்றை விளக்கும் நூல்கள் உண்டு. ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம் முதலிய ஊர்களிலிருந்து தரமணிக்கும் சிறுசேரிக்கும் நாள்தோறும் பணிக்குச் செல்வோருள் மென்பொருள் ஆக்குவோரும் உளர். ஒரு மென்பொருளுக்கு விளக்கம் எழுதுவோர் பலராவர். ஒருவர் எச்சரிக்கையைச் சிவப்பு நிறத்தில் எழுத, மற்றொருவர் அழகு கருதித் தலைப்புகளை அந்நிறத்திலேயே எழுதினால் விளைவு யாதாகும்? சிவப்பைத் தலைப்பு என்று கண்டு பழகிய ஊழியர், ‘இதனைச் செய்தால் கோப்புகள் அழியும்’ என்ற எச்சரிக்கையையும் பொருட்படுத்தாது கடந்துவிடுவார். ஓர் அலுவலகம் பல்லாண்டு காத்த பதிவுகள் நொடிப்பொழுதில் மறைந்துபோகும்.

இதனைத் தவிர்க்கும் வழி யாது? இன்ன பொருளுக்கு இன்ன வடிவம் என முதற்கண் விதி வகுத்துக்கொள்ள வேண்டும். பின்னர், அவ்விதியை எழுதுவோர்தம் நினைவுக்கு விட்டுவிடாமல் ஓரிடத்தில் நிலைபெறச் செய்தல் வேண்டும். பைத்தான் என்னும் கணினிமொழியின் விளக்க நூல் 2008ஆம் ஆண்டு முதல் ஸ்பிங்ஸ் என்னும் கருவியின் துணைகொண்டு ஆக்கப்படுகின்றது. அதில் எழுதுவோர், ‘இஃது எச்சரிக்கை’ என்று பகுதியின் தன்மையை மட்டும் குறித்தால் போதும். அதற்குரிய நிறமும் கட்டமும் தனியே வைத்துள்ள விதிகளால் எல்லாப் பக்கங்களிலும் ஒருபடித்தாக அமையும். விதியை ஓரிடத்தில் திருத்தினால், நூல் முழுதும் திருந்திவிடும். நிறவேற்றுமை அறிய இயலாதாரும் உளராதலின், நிறத்தோடு ‘எச்சரிக்கை’ என்ற சொல்லையும் சேர்த்தே பொறிப்பது நன்று.

ஒருமை என்பது எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஆக்குவதன்று. ஒரு பொருளுக்கு ஒரு வடிவமும் வேறு பொருளுக்கு வேறு வடிவமும் மாறாது அமைதலே ஒருமையாம்.

மாணவர்களே! உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் அருஞ்சொல்லுக்கு இட்ட அடிக்கோட்டை, மறு பக்கத்தில் பிழைக்கு இடாதீர்கள். தேர்வு நெருங்கும் நாளில் அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கப்போகிறவர் நீங்களே அன்றோ?