அதே தட்டு, மறுபடியும்

ஆர்.கே.புரம், புது தில்லி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஹௌஸ் காஸில் திறக்கப்போகும் ரெஸ்டாரண்ட் 12 வடிவங்களில் தட்டும் கிண்ணமும் கேட்டிருப்பதாக நீ போனில் சொன்னபோது உன் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. முனிர்காவில் அந்தச் சின்ன மண்பாண்டப் பட்டறையை நிலைநிறுத்த நீயும் உன் தோழியும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடு.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஓட்டல் பாத்திரக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் நான். சாப்பிடும் மேஜையில் தட்டு உடைவது குறைவு. கழுவும் இடத்தில்தான் போகும். ராத்திரி அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்பு தெறித்துவிடும். ஆறு மாதம் கழித்து ரெஸ்டாரண்டின் கிடங்குக்காரர் உன்னைக் கூப்பிட்டு, அதே தட்டில் இன்னும் 30 வேண்டும் என்பார். அந்த 30ஐ அதே அளவில், அதே நிறத்தில் கொடுக்க முடியுமா? அவர் உன்னைத் தொடர்ந்து நம்புவதும் நம்பாததும் அதில்தான் இருக்கிறது.

அது லேசான காரியம் இல்லை. ஸ்டோன்வேர் மண் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வரும்போது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். 25 செ.மீ. தட்டு வேண்டுமென்றால் 28க்கும் மேலே வனைய வேண்டும். மண் லோடு மாறினால் சுருக்கமும் மாறும். சூளையின் மேலடுக்கில் வெந்த பச்சை கீழடுக்கில் வேறு பச்சையாக வரும். ஒவ்வொரு சூட்டையும் நோட்டில் எழுது: எந்த லோடு மண், கிளேஸில் என்னென்ன எடை, எத்தனை மணி நேரம், எந்த அடுக்கு. நினைவை நம்பாதே.

கிளேஸும் மண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மயிரிழை விரிசல் விடும். கண்காட்சிப் பானைக்கு அது அழகு. நம் சாப்பாட்டுத் தட்டில் மஞ்சளும் எண்ணெயும் அதில் இறங்கி, பிறகு எப்படித் தேய்த்தாலும் போகாது. ஈயம் கலந்த கிளேஸைப் பட்டறைக்குள்ளேயே விடாதே. புளிப்புப் பட்டால் ஈயம் கரைந்து சாப்பாட்டில் சேரும்.

புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஒருமுறை போய்ப் பார். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கியது. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் மீக்கரின் பெயர் அதிகம் பேசப்படுகிறது. எனக்கு டெபோராவின் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. உள்ளூர்த் தொழிலாளிகளைப் பழக்கி, அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை வருஷக்கணக்கில் செய்ய வைத்தார். ஒரே ஆளின் கையில் மட்டும் இருக்கும் வடிவம் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் நின்றுவிடும். உங்களிடம் வேலை செய்யும் பையன்களுக்கும் சக்கரம் கற்றுக்கொடுங்கள். காய்ந்த மண்ணைப் பெருக்கச் சொல்லாதீர்கள், ஈரத் துணியால் துடைக்கட்டும். அந்தத் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலைத் தின்றுவிடும்.

பக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. 1952இல் டெல்லி புளூ ஆர்ட் பாட்டரியைத் தொடங்கிய சர்தார் குர்சரண் சிங்கின் வழிவந்த டெல்லி புளூ பாட்டரி டிரஸ்ட், சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூச்சப்படாமல் போ.

இப்போது பணம். 12 வடிவம் வேண்டாம், நான்கு போதும் என்று சொல். பாதித் தொகையை முன்பணமாக வாங்கு. உடைசலுக்காகப் பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சுட்டு, விலையில் சேர்த்துவிடு. ஆர்டரை ஏற்கும் முன்பே சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முடித்துவிடு. 2006ஆம் வருஷச் சட்டப்படி, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அவர்கள் தாளில் 90 நாள் என்றிருந்தால் அடித்துத் திருத்தச் சொல். கேட்பதற்குத் தயங்காதே, உழைத்த கூலிதானே.

சனிக்கிழமை மலை மந்திர் கோவிலுக்கு வருவாய் அல்லவா? ஒப்பந்தத்தையும் சூட்டு நோட்டையும் கொண்டு வா. வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அத்தை