வர்ண நகல் யந்திரத் தேர்வு

காரியாலயம் ஒன்றிற்கு வர்ண நகல் யந்திரம் வாங்கப் புகுவோர் பெரும்பாலும் முதற்கண் வினவுவது அதன் விலையையே. யந்திரத்தின் விலை ஒருமுறை கொடுப்பது. பக்கத்தின் விலையோ நாடோறும் கொடுப்பது. ஆதலின் கடைக்குச் செல்லுமுன் தம் காரியாலயத்துத் தாள்களை எண்ணுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகும் பொருள். கோபுரங் கட்ட நினைப்பவன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்னும் சுவிசேஷ உவமையும், தெரிந்து செயல்வகை என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தமையும் நம்மனோர்க்குப் புதியனவல்ல. எனினும் புதிய யந்திரம் ஒன்று பளபளவென்று கண்முன் நிற்குங்கால் அவை நினைவில் எழுவதில்லை.

செஸ்டர் கார்ல்ஸன் என்பார் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நியூயார்க் நகரத்து அஸ்டோரியாவில் உலர்முறையால் முதற்படியை எடுத்தார். மின்னேற்றிய தகட்டில் ஒளிபட்ட இடத்து மின் நீங்க, எஞ்சிய இடத்தில் நுண்பொடி ஒட்டும். அப்பொடியைத் தாளில் ஏற்றி வெப்பத்தாற் பற்றச் செய்தல் அவர் கண்ட நெறி. அந்நெறியைப் பின்பற்றி 1959-இல் வெளிப்போந்த ஜெராக்ஸ் 914 என்னும் யந்திரம் 600 இராத்தலுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதனை வாடகைக்கு விட்டு, எடுத்த படிகளை எண்ணிப் பணம் பெற்றமையே அந்நிறுவனத்தார்க்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. அவ்வழக்கம் இன்றும் மாறவில்லை. யந்திரத்தின் எண்காட்டியைப் படித்து, கறுப்புப் பக்கத்திற்கு ஒரு விகிதமும் வர்ணப் பக்கத்திற்கு அதனின் பன்மடங்கான விகிதமும் வாங்குதல் ஒப்பந்தங்களில் இயல்பு. வர்ண யந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பொடிகளை உண்பதாகலின் இவ்வேறுபாடு வியப்பன்று.

வியப்பாவது யாதெனின், எது வர்ணப் பக்கம் என்பதே. கடிதத்தின் தலைப்பில் காசளவான நீலமுத்திரை ஒன்றிருப்பினும், யந்திரம் தானே நிறமறியும் நிலையில் வைக்கப்பட்டிருந்தால், அப்பக்கம் முழுவதும் வர்ணப் பக்கமென்றே எண்ணப்படும். ஓர் உதாரணங் கொள்வோம். மாதம் 3,000 பக்கம் எடுக்கும் காரியாலயத்தில் மெய்யாகவே வர்ணம் வேண்டுவன 300. முத்திரை மட்டும் நிறமுள்ளன 900. கறுப்பிற்கு 1 ரூபாயும் வர்ணத்திற்கு 8 ரூபாயும் எனின், செம்மையான கணக்கு 5,100 ரூபாய். முத்திரைப் பக்கங்களும் வர்ணமாயின் 11,400 ரூபாய். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இவ்வேறுபாடு 3,78,000 ரூபாயாகும்! கடிதத் தாள்களை அச்சுக்கூடத்தில் மொத்தமாக அச்சிட்டுக்கொண்டு, யந்திரத்தைக் கறுப்பு நிலையில் வைத்து, வேண்டுங்கால் மட்டும் நிறத்தைத் தெரிந்துகொள்ளின் இச்செலவு ஒழியும்.

விளம்பரங்களில் ஒரு பொடிப்பெட்டி இத்துணைப் பக்கம் தருமென்பது தாளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே ஒரு நிறம் படியும் என்னும் கணக்கின்மேல் நிற்பது. படம் நிறைந்த விலைப்பட்டியலுக்கு அக்கணக்கு பொருந்தாது. மைத்துளி தெளிக்கும் யந்திரங்கள் சூடேற்ற வேண்டாமையால் மின்சாரம் குறைவாகக் கொள்ளும்; ஆனால் அவற்றுட் சிலவற்றின் மை நீர்பட்டாற் கலையும். வேகத்தைப் பற்றி மிகுதியாகப் பேசுதல் விற்போர் வழக்கம். நாளொன்றுக்கு நூறு பக்கம் எடுப்பார்க்கு அது பெரிதன்று.

யாவரும் மறப்பது ஒன்றுண்டு. பெரிய யந்திரங்கள் பலவற்றுள் நினைவுத்தட்டு அமைந்துளது. எடுத்த தாள்களின் உருவம் அதன்கண் தங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வாடகை யந்திரங்களை நினைவை அழியாமல் திருப்பிக் கொடுத்தமையால், 2013-இல் அரசினர்க்குப் 12 லட்சம் டாலருக்கு மேற் செலுத்த நேர்ந்தது. நோயாளிகளின் குறிப்புகள் அவற்றுள் இருந்தன. ஆகவே சம்பளப் பட்டியும் வழக்குப் பத்திரங்களும் நகலெடுக்கும் காரியாலயத்தார், தட்டினை அழிப்பவர் யார், எப்பொழுது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குக. கடைக்குச் செல்லுங்கால் விற்போர் காட்டும் மலர்ப்படத்தை விடுத்து, தம் காரியாலயத்துத் தாள்களில் பத்தினைக் கையொடு கொண்டு சென்று, அவற்றையே படியெடுத்து, எண்காட்டி முன்னும் பின்னும் காட்டியதைக் குறித்துக்கொள்க.