மலையேறி வந்த மறுநாள்: தசை கேட்கும் உணவு

சாரணர் பொறுப்பும் அறிவியல் பாடமும் என்னிடம் இருப்பதால், மலைநடைக்கு அடுத்து வரும் திங்கட்கிழமையை நான் பாடவேளையாகவே பயன்படுத்துகிறேன். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மீண்டும் ஏறி வர வேண்டும். சனிக்கிழமை சென்றுவந்த மாணவர்களுக்குத் திங்களன்றுதான் தொடைவலி உச்சத்தில் இருக்கும். "லாக்டிக் அமிலம் தேங்கிடுச்சா சார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். பாடத்தைத் தொடங்க அதுவே நல்ல இடம்.

வலிக்குக் காரணம் எது?

கடும் உழைப்பில் உருவாகும் லாக்டிக் அமிலம், ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் நீங்கிவிடும். 24 முதல் 72 மணி நேரத்தில் கூடும் வலிக்குத் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியுமே காரணம். படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. வண்டிக்குப் பிரேக் போல வேலை செய்கிறது. மூச்சு வாங்க வைப்பது ஏற்றம். மறுநாள் வலிக்க வைப்பது பெரும்பாலும் இறக்கம்.

உணவின் மூன்று வேலைகள்

1. நிரப்புதல்: நடையில் தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் குறைகிறது. சோறு, இட்லி, கம்பங்கூழ், வாழைப்பழம் ஆகியவற்றின் மாவுச்சத்து அதை நிரப்பும்.

2. பழுதுபார்த்தல்: இதற்குப் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 8 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு ஈடுசெய்யும். சாம்பார் சாதத்தின் அறிவியல் இதுதான்.

3. நீர் ஈடுசெய்தல்: வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. உப்பிட்ட மோர் இரண்டையும் தரும்.

வகுப்பறைச் செயல்பாடு

விளையாட்டு வீரர்களுக்கு, பயிற்சிக்குப் பின் உண்ணும் வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.3 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிராம் வரும். அதை எந்தெந்த உணவால் நிறைவு செய்யலாம் எனக் குழுக்கள் கணக்கிடட்டும். ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதும் என்று அவர்களே கண்டறிவார்கள். இந்த அளவு பெரியவர்களுக்கானது. மாணவர்களுக்கு இதைக் கணக்குப் பயிற்சியாக மட்டுமே தருகிறேன்.

மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் புரதப் பொடி வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்வதைவிட இந்தக் கணக்கு அவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது. சத்துணவில் கிடைக்கும் முட்டையைப் பார்க்கும் பார்வையும் மாறுகிறது.

பொறுப்பாசிரியர்கள் கவனத்திற்கு

விடுமுறை நாள் நடையில் சத்துணவு இராது. பேருந்தில் தூங்கிவிடும் பிள்ளைகள் பலர் வீட்டிலும் உண்ணாமல் படுத்துவிடுவார்கள். எனவே நடை முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் கடலைமிட்டாய், வாழைப்பழம், சுண்டல், மோர் ஆகியவற்றை அங்கேயே கொடுத்துவிடுங்கள். இச்செலவைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால், எந்தப் பிள்ளையும் கையில் காசில்லாமல் ஒதுங்கி நிற்க நேராது. அன்றிரவு நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்.

தாங்க முடியாத வலியோ வீக்கமோ இருந்தாலும், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலும் உணவை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதைப் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.