கம்பெனி கூப்பிட்டால் வண்டியை விடலாமா?

ஆனைமலை ஸ்டாண்டில் புதிதாக வண்டி எடுத்து நிறுத்தியிருக்கும் தம்பிகளுக்கு,

"ஏனுங் மாமா, கம்பெனியிலிருந்து போன் வந்துச்சுங்க. கிளட்ச் பக்கம் ஏதோ பார்ட்ல கோளாறாம். வண்டியக் கொண்டாந்து விடச் சொல்றாங்க. வண்டி நல்லாத்தானுங் ஓடுது. விடறதுங்களா, வேண்டாங்களா?"

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிற பையன்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கேட்பது நியாயம்தான். வண்டி ஒருநாள் நின்றால் தேங்காய் லோடு அடுத்தவனுக்குப் போய்விடும், தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: விடுங்கள். ஆனால் எதற்கு விடுகிறோம், எப்படி விடுகிறோம், திரும்பி வந்த வண்டியில் என்ன பார்க்கிறோம் என்பது தெரிந்து விடுங்கள். தெரிந்த வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ரீகால் வேறு, தேய்மானம் வேறு. கிளட்ச் பிளேட் தேயத்தான் செய்யும். அது நம் கால் பழக்கத்தையும் ஏற்றுகிற லோடையும் பொறுத்தது, அதற்குக் கம்பெனி காசு கொடுக்காது. ரீகால் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில் தவறான பாகம் போயிருக்கலாம் என்று கம்பெனியே கண்டுபிடித்துக் கூப்பிடுவது. 2022 டிசம்பரில் மஹிந்திரா கம்பெனி ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700 இரண்டிலும் சேர்த்து 19,000-க்கு மேற்பட்ட வண்டிகளைக் கூப்பிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை செய்த மேனுவல் கியர் வண்டிகள் மட்டும். கோளாறு, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் உள்ள ஒரு ரப்பர் பெல்லோவில். பாகம் சப்ளை செய்தவரின் ஆலையில் தரம் பிரித்ததில் ஏற்பட்ட தவறால் அதன் இடைவெளி அளவு மாறியிருக்கலாம் என்று சந்தேகம். ஓட்டியவர் யார், எப்படி ஓட்டினார் என்ற பேச்சே அதில் இல்லை. ஆகவே போன் வந்தால், "நான் ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டறவன் இல்லையே" என்று கோபப்பட வேண்டாம். யாரும் உங்கள் ஓட்டத்தைக் குறை சொல்லவில்லை.

சரக்கு வண்டிக்கு இதெல்லாம் வராது என்றும் நினைக்காதீர்கள். அதே கம்பெனி 2021-இல் 29,878 பிக்கப் வண்டிகளை ஒரு ஃப்ளூயிட் பைப் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்று கூப்பிட்டது. 2022-இல் மாருதி கம்பெனி 5,002 சூப்பர் கேரிகளை சீட் பெல்ட் போல்ட்டுக்காகக் கூப்பிட்டது. நம் ஸ்டாண்டில் நிற்கிற வகை வண்டிகள்தான் எல்லாம்.

2. "நல்லாத்தான் ஓடுது" என்பது வண்டியை விடாமல் இருக்கக் காரணம் ஆகாது. ரீகாலில் வருகிற கோளாறு பெரும்பாலும் வெளியே காட்டாத கோளாறு. தேய்ந்த பிளேட் முன்கூட்டியே சொல்லும்: ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை வரும், பெடல் மேலே வந்து பிடிக்கும். உற்பத்தியில் தவறிய பாகம் இத்தனை அறிகுறி கொடுக்கும் என்று நம்ப முடியாது.

நாம் ஓட்டுகிற பாதையையும் யோசியுங்கள். பொள்ளாச்சி, கோபாலபுரம், மீன்கரை ரோடு என்று சமதளத்தில் கிளட்ச் போனால் ஓரம் கட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொள்ளலாம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்குகிறது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி, ஆனாலும் இடம் போதாமல் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். முழு லோடோடு அங்கிருந்து கிளப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி மூக்கைத் தூக்கும்போது பிரேக்கை விடுகிறீர்கள். அந்தச் சில விநாடிகளில் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே உரசுகிற சூடு, சமதளத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் வராத சூடு. பாகத்தில் குறை இருந்தால் அது உடைகிற இடம் அதுதான்.

இறங்கும்போது இன்னும் மோசம். இரண்டாவது கியரில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் மட்டும் இல்லை, எஞ்சினும்தான். சக்கரத்தின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாக எஞ்சினுக்குப் போய்ச் சேருவதால்தான் அந்தப் பிடிப்பு. கிளட்ச் விட்டுப்போனால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மொத்த லோடையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும்; தொடர்ந்து மிதித்தால் பிரேக்கும் சூடாகிப் பிடிக்காமல் போகும். மலை ஏறுகிற வண்டிக்கு கிளட்ச் ரீகால் வந்தால் நான் ஒருநாள்கூட யோசிக்க மாட்டேன். போன் வந்த பிறகு, வேலை முடிகிற வரை வால்பாறை லோடு எடுக்காதீர்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்டலாமா என்பதையும் கம்பெனியிடமே கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

3. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு இது முக்கியம். கம்பெனியின் போனும் கடிதமும் அவர்கள் பதிவில் இருக்கிற பெயருக்குத்தான் போகும். பழைய ஓனர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்துப்போய் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "இந்த நம்பருக்கு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கா?" என்று கேளுங்கள். பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே பார்க்க வழி வைத்திருக்கின்றன. வண்டி வாங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

4. சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த நெறிப்படி கம்பெனிகள் தாமாக முன்வந்து கூப்பிட்டு வந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் கோளாறு என்று போதிய புகார் சேர்ந்தால் அரசே ரீகால் செய்யச் சொல்லலாம், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை போகும். செலவு கம்பெனியுடையது. ரீகால் வேலைக்கு என்று யாராவது பணம் கேட்டால், அது ரீகால் இல்லை. போனை வைத்துவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள்.

5. பாகம் வந்துவிட்டதா என்று தெரியாமல் வண்டியைக் கொண்டுபோய் விடாதீர்கள். போனிலேயே மூன்று கேள்வி: பார்ட் கையில் இருக்கா, எத்தனை மணி நேர வேலை, கியர்பாக்ஸ் இறக்கணுமா. வெறும் பரிசோதனை என்றால் காலையில் விட்டு அந்திக்கு எடுத்துக்கொள்ளலாம். இறக்க வேண்டும் என்றால் ஒருநாள் முழுக்கப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வழக்கமாக லோடு கொடுக்கும் தோட்டத்துக்காரரிடம் தேங்காய் வெட்டு எப்போது என்று கேட்டு, இரண்டு வெட்டுக்கு இடைப்பட்ட நாளில் தேதி வாங்குங்கள். மாசாணியம்மன் கோயில் நோம்பி சமயத்தில் வண்டிக்குக் கிராக்கி இருக்கும் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில், அதிக லோடில், சந்தேகமான கிளட்ச்சோடு ஓட்டுவதுதான் எனக்குப் பயம்.

6. கியர்பாக்ஸ் இறங்குகிறது என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். கிளட்ச் வேலையில் பாகத்தின் விலையோடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலியும் சேர்ந்துதான் பெரிய பில்லாகிறது. ரீகாலில் அந்த இறக்குகிற வேலை கம்பெனி செலவில் நடக்கிறது. இறக்கி வைத்திருக்கும்போது நேரில் நின்று பாருங்கள். பிளேட்டில் லைனிங் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஃபிளைவீல் முகத்தில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்பு உண்டா? ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றினால் கரகரக்கிறதா? கிராங்க் ஆயில் சீல் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா? சீல் கசிந்தால் ஆயில் பிளேட்டில் பட்டு, புது பிளேட்டும் வழுக்கும்.

பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால், "பார்ட்டுக்கு மட்டும் காசு தருகிறேன், இப்போதே மாற்றிவிடுங்கள்" என்று கேளுங்கள். கூடுதல் கூலி கேட்டால், கியர்பாக்ஸ் ஏற்கெனவே இறங்கித்தானே இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதே சமயம், நீங்கள் பார்க்காமல், ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பாகத்தையும் பில்லில் ஏற்ற விடாதீர்கள். "ரீகால் வேலை இலவசம், மற்றது எதுவானாலும் போன் பண்ணிக் கேட்ட பிறகே" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். கழற்றிய ரீகால் பாகத்தை வீட்டுக்குக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். அதைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்து ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

7. சரிசெய்கிற விதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஜீப் கம்பெனியின் ரேங்ளர், கிளாடியேட்டர் மேனுவல் வண்டிகளில் பிரஷர் பிளேட் அதிகமாகச் சூடேறி உடைந்து தீப்பிடிக்க வாய்ப்பு என்று 2020, 2021, 2023 என மூன்று முறை கூப்பிட்டார்கள். கிளாடியேட்டர் நம் பிக்கப் போலப் பின்னால் தொட்டி உள்ள வண்டி, இந்தியாவில் விற்பதில்லை. 2021-இல் அவர்கள் கொடுத்த தீர்வு ஒரு மென்பொருள்: கிளட்ச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறினால் எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் பாரம் இழுக்கிறவனுக்கு, ஏற்றத்தின் நடுவில் வண்டி திடீரென்று சோர்ந்து போனால் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. 2023-இல் ஏறத்தாழ 69,000 வண்டிகளை மறுபடி கூப்பிட்டதைப் பார்த்தால், முதலில் கொடுத்த தீர்வே கடைசித் தீர்வாக இருப்பதில்லை என்று தெரிகிறது.

நம் பிக்கப்களிலும் இப்போது எஞ்சினை நடத்துவது எலெக்ட்ரானிக் பெட்டிதான். ஆகவே சர்வீஸ் சென்டரில் நேரடியாகக் கேளுங்கள்: பார்ட் மாற்றுகிறீர்களா, சாஃப்ட்வேர் மட்டும் போடுகிறீர்களா, போட்ட பிறகு இழுவை எப்போது குறையும், குறைவதற்கு முன் டேஷ்போர்டில் எச்சரிக்கை வருமா? இழுவை குறையும் என்று சொன்னாலும் நான் வண்டியை விடத்தான் சொல்வேன். இழுவை குறைந்தால் லோடைக் குறைத்துக்கொள்ளலாம், கீழ் கியரில் போகலாம். பிரஷர் பிளேட் பெல் ஹவுசிங்குக்குள் வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடம் நம் கால்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

8. எடுத்ததும் லோடு ஏற்றாதீர்கள். முதலில் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே: எஞ்சின் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து உய்ய்ங் என்ற சத்தம் வருகிறதா, ரிவர்ஸ் விழும்போது கர்ர் என்று அரைக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாமல், ஹேண்ட் பிரேக் போட்டு நான்காவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. ஒரு முறை மட்டும் பாருங்கள். மறுபடி மறுபடி செய்தால் நீங்களே பிளேட்டைக் கருக்கிவிடுவீர்கள். மறுநாள் காலை பெல் ஹவுசிங்குக்குக் கீழே தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா பாருங்கள். பாதி லோடோடு சேத்துமடை பக்கம் ஒரு நடை போய்வந்து, அதன்பிறகு மலை.

9. உள்ளூர் மெக்கானிக்கை மதியுங்கள், ஆனால் ரீகால் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். கை சுத்தமானவராக இருக்கலாம். மாற்றிய அளவில் வருகிற பாகம் அவரிடம் இருக்காது, அவர் செய்தது கம்பெனிப் பதிவிலும் ஏறாது. எடுத்து வந்த வண்டியை அவரிடம் காட்டி ஒரு பார்வை பார்க்கச் சொல்வது நல்லது.

10. காகிதம். ஜாப் கார்டு, வேலை முடிந்த ரசீது, ரீகால் பற்றி வந்த மெசேஜ், பழுதாகி நின்றிருந்தால் அந்த மெக்கானிக் பில், இழுத்து வந்த வண்டியின் பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். கம்பெனி கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கோயம்புத்தூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று இருக்கிறது. ஒற்றை வண்டி வைத்து நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைக் காட்ட லைசென்ஸ், பெர்மிட், தவணைப் புத்தகம் உதவும். அதே சட்டத்தில் குறையுள்ள பொருளால் ஏற்பட்ட கேட்டுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. கூப்பிட்டும் நீங்கள் வண்டியை விடவில்லை என்று எழுத்தில் இருந்தால் அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

அந்த உறையை வண்டி விற்கிற நாளில் ஆர்.சி.யோடு சேர்த்து வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.