ஒரு சிட்டிகை விதை, மூன்று மாதக் கீரை: அரைக்கீரை வளர்ப்புப் பாடம்

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது, இருவரில் ஒருவருக்கு. வாரம் மூன்று நாளாவது கீரை சமையுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தினக்கூலியில் ஓடும் குடும்பத்தில் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலிலோ மொட்டை மாடியிலோ இரண்டு அரிசிச் சாக்கு வைக்க இடமிருந்தால் அந்தக் கவலை பாதி குறையும். அதற்கு ஏற்றது அரைக்கீரை.

ஏன் அரைக்கீரை?

முளைக்கீரையை வேரோடு பிடுங்கிவிடுகிறோம். ஒரு விதைப்புக்கு ஒரு சமையல்தான். அரைக்கீரையை வெட்ட வெட்ட மீண்டும் தழைக்கும். நல்ல வெயிலையும் சூட்டையும் தாங்கும். ஒருமுறை விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதம் பறிக்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்ற இரகம் இப்படி வெட்டிப் பறிப்பதற்கானது.

மண்ணும் விதைப்பும்

அரை அடி ஆழமுள்ள தொட்டி, பழைய வாளி, சாக்கு எதுவானாலும் போதும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். ஆட்டுப்புழுக்கை கிடைத்தால் மக்கவைத்துப் பொடித்துச் சேர்க்கலாம். பச்சைச் சாணம் போடாதீர்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. வெறும் கையால் தூவினால் ஒரே இடத்தில் குவியும். ஒரு சிட்டிகை விதையை ஒரு பிடி உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் தூவுங்கள். பூவாளியால் தெளித்தால் விதை ஓடாது. எறும்பு விதையை இழுத்துப் போகும். சுற்றிலும் மஞ்சள்தூள் தூவிவையுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். பத்து நாள் கழித்து நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கியதையும் சமைக்கலாம்.

வெட்டும் முறை

25 முதல் 30 நாளில் முதல் வெட்டு. தரையோடு அறுக்காமல், இரண்டு மூன்று விரற்கடைத் தண்டை விட்டு வெட்டுங்கள். மீதித் தண்டின் கணுக்களிலிருந்துதான் புதுத் தளிர் வரும். பிறகு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் ஒரு பிடி தொழுவுரம் இடுங்கள்.

இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். புழு விழுந்தால் கையால் பொறுக்கினாலே போதும். கடைப் பூச்சிமருந்து வேண்டாம். வாரந்தோறும் பறித்துச் சாப்பிடும் இலை அது.

பரவாமல் பார்ப்பது

கீரைக் குடும்பத்துச் செடிகள் வேகமாகப் பரவுபவை. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். பூங்கதிர் தலைகாட்டியதும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் தொட்டி, அடுத்த வீட்டு முற்றம் எல்லாம் கீரையாகும், தண்டும் நாராகும். விதைக்காக இரண்டு செடியை மட்டும் விட்டுவையுங்கள்.

தானாக முளைக்கும் குப்பைக்கீரையும் உண்ணத்தக்கதே. ஆனால் சாக்கடையோரத்திலும் குப்பைமேட்டிலும் முளைத்ததைப் பறிக்காதீர்கள். அங்குள்ள நச்சு உலோகங்களைச் செடி இழுத்துக்கொள்ளும்; கழுவினாலும் போகாது.

சமைக்கும்போது

மூன்று முறை அலசிய பிறகு நறுக்குங்கள். சிறிது எண்ணெய் சேர்த்தால் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேரும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். கறி சமைக்கும் நாளிலும் கீரையை விட்டுவிடாதீர்கள்; இறைச்சியுடன் சேர்ந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடல் இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் தேநீர் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேநீர் அந்தச் சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்று ஆகாது. இரண்டும் வேண்டும்.

கதிர் காய்ந்து, உள்ளே விதை கறுத்துப் பளபளக்கும்போது அறுத்து, உள்ளங்கையில் கசக்கி, ஊதிப் புடைத்து, நிழலில் மூன்று நாள் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். இரண்டு செடியின் விதை உங்கள் வீட்டுக்கு மிக அதிகம். ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். கணு விட்டு வெட்டும் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.