மின்கம்பி வேலையும் உத்தரவுச் சீட்டும்

தச்சனுக்கும் கொல்லனுக்கும் இல்லாத நிர்ப்பந்தம் மின்கம்பி வேலை செய்வோருக்கு மட்டும் ஏன் விதிக்கப்பட்டது? பௌதிக நூலில் ஓம் விதியைப் படித்து, இரண்டு கம்பிகளைச் சேர்த்து விளக்கெரியக் கண்ட மாணவர் எவருக்கும் இவ்வையம் எழுதல் இயல்பே. நமக்கும் ஒரு காலத்தில் எழுந்தது.

விடுதியில் வசித்த நாளில் நம் அறை மூலையில் புதிய விளக்கொன்றை நாமே அமைத்தோம். சுவிட்சைத் தட்டினால் எரிந்தது. மறுமுறை தட்டினால் அணைந்தது. நான்கு மாதம் யாதொரு குறைவுமின்றி நடந்தது. பின்னொரு மாலை பல்பு பழுதாகவே, அறைத்தோழர் சுவிட்சை அணைத்துவிட்டு, நாற்காலிமேல் ஏறி, ஒரு கையை ஈரச்சுவரில் ஊன்றிக்கொண்டு மறுகையால் அதனைக் கழற்றினார். ஹோல்டரினுள் விரல் பட்டதுதான் தாமதம், கீழே வீழ்ந்தார். கை முறிந்ததோடு உயிர் தப்பியது.

நடந்தது இதுதான். வீட்டிற்கு வரும் இரு கம்பிகளுள் ஒன்று 230 வோல்ட்டு அழுத்தமுள்ளது. மற்றொன்றாகிய நியூட்ரல், டிரான்ஸ்பார்மரிடத்தே பூமியோடு இணைக்கப்பட்டது. சுவிட்சு முன்னதில் இருத்தல் வேண்டும். நாமோ பின்னதில் வைத்துவிட்டோம். எதில் வைத்தாலும் விளக்கு ஒன்றுபோலவே எரியும், அணையும். ஆனால் நியூட்ரலில் வைத்த சுவிட்சை அணைத்த பின்பும் ஹோல்டரில் முழு அழுத்தமும் நிற்கும். தொட்டவருடைய உடலே பூமிக்கு வழியாகிவிடும்.

தச்சன் செய்த நாற்காலி கோணலாயின் உட்காருமுன்பே தெரியும். மின்சார வேலையிலோ பிழை மறைந்து கிடக்கும். எர்த்துக் கம்பி அறுந்திருந்தாலும் இஸ்திரிப்பெட்டி சூடேறும். பியூஸுக்குப் பதில் தடித்த செப்புக்கம்பியைக் கட்டினாலும் மின்விசிறி சுழலும். பியூஸே நம்மைக் காக்கும் என்று நம்புவாரும் உளர். ஒரு 60 வாட்டு விளக்கு கொள்ளும் ஓட்டம் சுமார் 260 மில்லியாம்பியர். அதனினும் குறைந்த ஓட்டம் மார்பின் வழியே சிறிது பொழுது பாய்ந்தால் இதயம் நின்றுவிடக் கூடும். 5 ஆம்பியர் பியூஸோ 5,000 மில்லியாம்பியருக்கு ஏற்பட்டது. அது கம்பி எரியாமற் காக்குமேயன்றி ஆளைக் காவாது. அதன் பொருட்டே 30 மில்லியாம்பியர் கசிந்த அளவில் ஓட்டத்தைத் துண்டிக்கும் கருவி வந்தது.

நிற்க. விளக்கு எரிவது வேலை செவ்விதென்பதற்குச் சான்றாகாதென்றால், சான்று வேறெங்கிருந்தேனும் வரல்வேண்டுமன்றோ? 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் 1956-இல் ஏற்பட்ட விதிகளுள் 45-ஆவது விதி அதனை வகுத்தது. வேலையை ஏற்பவர் லைசென்சு பெற்ற ஒப்பந்தக்காரராதல் வேண்டும். தகுதிச் சான்றுடைய மேற்பார்வையாளர் உடனிருந்து நடத்தல் வேண்டும். கம்பியைத் தொடும் வயர்மேனும் பெர்மிட்டுடையவராதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 2010-இலும் 2023-இலும் வந்த ஒழுங்குமுறைகளும் இம்முறையையே தழுவின. தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது சென்னையிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். பட்டம் பெற்றவரும் இச்சான்று பெறாமல் பிறர் வீட்டிற் கம்பியிழுத்தல் முறையன்று. பல்பு, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை, அமைப்பின் அளவும் தன்மையும் மாறாவண்ணம் அவ்வகையே வைத்து மாற்றுவதற்கு மட்டும் விலக்குண்டு. நாம் அமைத்த மூலைவிளக்கு அவ்விலக்கினுள் அடங்காது.

வேலை முடிந்ததும் மெக்கர் என்னுங் கருவியால் கம்பிக்கும் பூமிக்கும் இடையே 500 வோல்ட்டை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பர். தடை ஒரு மெகோமுக்குக் குறையலாகாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் ஈரமும் இங்கே வெளிப்படும். ஆயினும் வேலையைப் பாராமலே கையொப்பமிட்டுக் கொடுக்கும் மேற்பார்வையாளரும், ஒரு லைசென்சை நால்வர்க்கு இரவல் தரும் ஒப்பந்தக்காரரும் இல்லாமலில்லை. அத்தகைய தாளை நாமும் கண்டதுண்டு. தேதியும் கையொப்பமும் இருந்தன, மெக்கர் காட்டிய எண்ணுக்குரிய இடம் வெறுமையாயிருந்தது.

கல்லூரியினர்க்கு மற்றொரு செய்தி. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வழக்கமாய்க் கூடத்தக்க இடத்தில் 250 வாட்டும் 100 வோல்ட்டும் மேற்பட மின்சாரம் பயன்படுத்தத் தொடங்குமுன் ஏழு நாளுக்குக் குறையாமல் மின் ஆய்வாளர்க்கும், மாவட்ட மாஜிஸ்திரேட்டு அல்லது போலீஸ் கமிஷனர்க்கும் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். விழாப் பந்தலில் விளக்குத் தோரணம் கட்டப் புறப்படும் நண்பர்கள், ஒப்பந்தக்காரரிடம் கூலி பேசுமுன் அவருடைய லைசென்சையும், ஏணியில் ஏறப்போகும் வயர்மேனுடைய சான்றையும் கேட்டுப் பார்ப்பார்களாக.