மழைப்பீலிக்கு எந்தத் திருகாணி?

மாணவர்களே, பெண்டாங்கில் மழை கொட்டும்போது, கூரை ஓரத்தில் நீரை வாங்கும் பீலியை அண்ணாந்து பாருங்கள். 10 செ.மீ. அகலமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள பீலி, சருகு அடைத்து நிரம்பினால் மீட்டருக்கு 10 கிலோ நீர் நிற்கும். 3 மீட்டருக்கு 30 கிலோ!

ஆணி உராய்வினால்தான் மரத்தைப் பற்றுகிறது. வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரிய, பிடி தளர்கிறது. திருகாணியின் புரிகள் மரத்தில் பதிவதால் அது எளிதில் கழலாது.

அடுத்தது உலோகப் பொருத்தம். இரு வேறு உலோகங்கள் தொட்டபடி நனைந்தால் சிறு மின்கலம் உருவாகும். வினைத்திறன் மிக்க உலோகம் எலெக்ட்ரான்களை இழந்து அரிபடும். 1761இல் பிரிட்டனின் 'அலார்ம்' போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடினர். இரண்டே ஆண்டுகளில், செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயின.

ஆகவே, துத்தநாகம் பூசிய பீலிக்குத் துத்தநாகம் பூசிய திருகாணி. செப்புப் பீலிக்குச் செம்பு அல்லது பித்தளைத் திருகாணி. அலுமினியப் பீலிக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி ஏற்றது. அலுமினியமே அரிபடும் என்றாலும், திருகாணி சிறியது, பீலியின் பரப்போ பெரியது. அரிப்பு பரவி மெலிந்துவிடும்.

சிந்திக்க: செப்புப் பீலியில் அலுமினியத் திருகாணி போட்டால் எது முதலில் அரிபடும்? கப்பலை நினைத்துப் பாருங்கள்!